டார்க் ரெஞ்சை எப்பப்போ சோதிக்கிறீங்க? எங்க பட்டறையில நடந்ததைச் சொல்றேன்

பாலக்கோட்டுப் பட்டறைக்காரர்:
கார், வேன் வேலை பார்க்கிற சின்னப் பட்டறை என்னுது. போன தக்காளி சீசன்ல ஒரு பிக்கப் வண்டிக்கு ரிம், டயர் எல்லாம் புதுசா மாட்டினோம். டார்க் ரெஞ்சுன்னா, நாம வச்ச அளவுக்கு நட்டு முடுங்கினதும் 'டிக்'னு சத்தம் போடுற ஸ்பானர். அதை 110 நியூட்டன் மீட்டர்ல (முடுக்கத்தோட அளவு) வச்சு, ஒவ்வொரு நட்டையும் 'டிக்'னு கேக்கிற வரைக்கும் நானே முடுக்கினேன். ராத்திரி சேலத்துக்கு லோடு. தொப்பூர் இறக்கம் தொடங்குறதுக்கு முன்னாடியே முன்சக்கரம் தடதடன்னு ஆட, டிரைவர் ஓரங்கட்டிப் பார்த்திருக்கார். மூணு நட்டு கையாலேயே சுத்துது. அந்த இறக்கத்துல பாதியில கழண்டிருந்தா? போனை வச்சப்புறமும் எனக்குக் கை நடுக்கம் நிக்கல.

மறுநாளே ரெஞ்சை ஓசூர்ல என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் தர்ற தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேப்புக்குக் கொண்டுபோனேன். 110ல வச்சா 90லயே கிளிக் ஆகுது! வாங்கி ஒண்ணரை வருஷம், ஒருதரம்கூட சோதிச்சதில்ல. வேலை முடிஞ்சா 110லயே விட்டு ஆணியில மாட்டிடுவோம். உள்ள இருக்கிற ஸ்பிரிங் அமுங்கியே கிடந்து தளர்ந்துபோச்சு. புது ரிம் பெயின்ட் அமுங்கினதும் சேர்ந்திருக்கலாம். 50, 100 கிலோமீட்டர் ஓடினதும் வரச்சொல்லி மறுபடி முடுக்கியிருக்கணும். அதையும் சொல்லாம விட்டது என் தப்புதான்.

ஓசூர், தரப் பிரிவு:
அண்ணா, கிளிக் ரெஞ்சுக்கு ஐஎஸ்ஓ 6789ங்கிற சர்வதேசத் தரம் பொதுவா விடுற பிசகு 4 சதவீதம். உங்களுக்கு 105க்குக் கீழ போனாலே ஆகாது. எப்பப்போ சோதிக்கணும்னு தங்களுக்குன்னு தனி நடைமுறை வச்சுக்காதவங்களுக்கு அது சொல்ற கெடு 12 மாசம், இல்ல 5,000 கிளிக். எது முதல்ல வருதோ அது. எல்லாரும் வருஷத்தை மட்டும் பிடிச்சுக்கிறாங்க. கணக்குப் போடுங்க: சக்கரத்துக்கு அஞ்சு நட்டு, வண்டிக்கு 20, நாளைக்கு மூணு வண்டின்னா 60. 84 நாள் வேலையிலயே 5,000 தாண்டிடும். கீழ விழுந்தாலோ, கழட்டுறதுக்கு அதையே போட்டு இழுத்தாலோ கணக்கே பார்க்காதீங்க, அன்னிக்கே சோதனைக்கு அனுப்புங்க. எங்க லைன்ல விழுந்த ரெஞ்சுக்குச் சிவப்பு டேக் கட்டி ஒதுக்கிடுவோம், யாரும் தொடமாட்டாங்க.

காவேரிப்பட்டணம், டிராக்டர் மெக்கானிக்:
ரெஞ்சு சரியா இருந்தும் எனக்கு ஒரு ஸ்டட் (நட்டு ஏறுற மரை போட்ட கம்பி) அறுந்துச்சு. கம்பெனி கையேட்டுல இழை காய்ஞ்சிருக்கணும்னு போட்டிருக்கு, பையன் ஆயில் தடவிட்டான். ஆயில் பட்டா அதே முடுக்கத்துக்கு ஸ்டட் இன்னும் அதிகமா இழுபடும். இப்ப துணியால துடைச்சப்புறம்தான் நட்டு ஏறும்.

பாலக்கோட்டுப் பட்டறைக்காரர்:
ஓசூர் தம்பி சொன்ன கணக்கை அன்னிக்கே சுவத்துல எழுதிட்டேன். வேலை முடிஞ்சா ஸ்கேல்ல இருக்கிற கடைசிக் குறைஞ்ச அளவுக்கு இறக்கி, பெட்டியில வைக்கிறோம். அதுக்கும் கீழ திருகக்கூடாதாம். எத்தனை கிளிக்னு பசங்க சாயங்காலம் நோட்டுல எழுதறாங்க. நேத்தோட 1,340.