சங்க மலர்: எங்க சின்னத் தாத்தா 1944-ல இல்ல, 1947-ல தான் போனாரு

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். நம்ம சங்க மலருக்காக, ஊர்ல இருந்து பம்பாய் வந்த முதல் ஆளுங்க லிஸ்ட்டு நேத்து குழுவுல போட்டிருந்தீங்க, பாத்தேன், நல்ல வேலை. ஆனா அதுல எங்க ஆச்சியோட தம்பிக்கு நேரா "துறைமுக வெடிவிபத்து, 1944"ன்னு போட்டிருக்கு. அது தப்பு. ஊர்ல எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க, "கப்பல்ல போயிட்டான்"னு ஆச்சி சொன்னத வச்சு கேட்டவங்க எல்லாம் வெடிச்ச கப்பல்னு முடிவு பண்ணிட்டாங்க. பம்பாய் விக்டோரியா டாக்ல ஃபோர்ட் ஸ்டிகீன்ங்கிற கப்பல் வெடிச்சது 1944 ஏப்ரல் 14. எங்க வீட்டு தகரப் பெட்டியில அவரு அனுப்புன மணியார்டரோட கூப்பன் துண்டு கெடக்கு, பம்பாய் மாட்டுங்கா தபால் முத்திரை, ஜூன் 1947, ஏழு ரூவா, பென்சில்ல "அக்கா மழை பிடிச்சிட்டு, சொகம்" அவ்வளவுதான் எழுத்து. 44-ல செத்தவன் 47-ல எப்படி பணம் அனுப்புவான்?

அவரு போனது ராம்தாஸ் கப்பல்ல. 1947 ஜூலை 17, வியாழக்கிழமை, அமாவாசை சமயம், நமக்கு ஆடி பொறந்த கையோட. மாட்டுங்காவுல ஒரு ஓட்டல்ல தட்டு கழுவிட்டு இருந்தாரு, வயசு பதினஞ்சு பதினாறு இருக்கும், கூட வேல பாத்த கொங்கணிப் பக்கத்துப் பையன் ஊருக்குப் போறான்னு இவரும் தொத்திக்கிட்டாரு. பம்பாய்ல பாவ்ச்சா தக்காங்கிற படகுத் துறையில காலைல எட்டு மணி வாக்குல கெளம்பி, கடலுக்கு அந்தப் பக்கம் கொங்கண் கரையில இருக்குற ரேவஸ் போற கப்பல், ஒண்ணரை மணி நேரப் பயணந்தான். நல்ல மழைக்காலம், சாரல் அடிக்காம இருக்க தார்ப்பாய் எறக்கிக் கட்டியிருந்தாங்களாம். காசா பாறை பக்கம் போறப்ப அலை அடிச்சு ஒரு பக்கமா தண்ணி ஏற, ஜனமெல்லாம் மறுபக்கம் ஒதுங்க கப்பல் சாஞ்சு கவுந்துட்டு. தார்ப்பாய்க்குள்ள மாட்டுனவங்க எங்க வெளிய வர. 600 பேருக்கு மேல போயிட்டாங்க. தப்பிச்சது கொஞ்சம் பேருதான், அதுலயும் பல பேரு ரேவஸ் பக்கத்து கோளி மீனவங்க தோணியில இழுத்துப் போட்டவங்க.

எனக்கு இதுல ஆறாத விஷயம் என்னன்னா, கப்பல்ல வயர்லெஸ் கெடயாது. காலைல முங்குன கப்பல் பத்தி பம்பாய்க்கு மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் தெரியாது, ஒரு பத்து வயசுப் பையன் கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் மெதந்து வந்து சேந்து சொன்ன பிறகுதான் கப்பல் கம்பெனி ஆபீஸ்காரங்களுக்கே தெரிஞ்சிருக்கு. விசாரணை எல்லாம் நடந்துது, வயர்லெஸ் பிறகு கட்டாயம் ஆச்சு. இப்பவும் மழைக்காலத்துல கேட்வேல இருந்து எதிர்க்கரை மாண்ட்வாவுக்குப் போற லாஞ்சு நிறுத்திடறாங்க, வண்டியெல்லாம் ஏத்துற பெரிய ரோ-ரோ கப்பல் மட்டும் பாவ்ச்சா தக்காவுல இருந்து ஓடுது. இருந்தும் 2024 டிசம்பர்ல எலிபெண்டா தீவுக்குப் போன படகுல நேவி ஸ்பீடு போட்டு வந்து மோதி 15 பேரு போனாங்களே, அன்னைக்கு டிவி பாத்துட்டு எங்க அம்மா ராத்திரி சாப்பிடவே இல்ல.

கூடப் போன கொங்கணிப் பையன் ஒடம்பு கரை ஒதுங்குச்சாம், ஓட்டல் மொதலாளி ஆள் அனுப்பி பாத்ததுல நம்ம ஆளுதான் கெடைக்கல. அதனாலயே ஆச்சி ரொம்ப வருஷம் திதி குடுக்க விடல, எங்கயாவது கரையேறி வேற ஊர்ல பொழைக்கிறான்னு சொல்லிட்டே இருந்தா. கடைசில தாத்தா சத்தம் போட்டு ஆடி அமாவாசைக்கு பாபநாசத்துல குடுத்தாங்க, ஆச்சி ஆத்துல எறங்காம படியிலயே உக்காந்துட்டாளாம்.

அதனால செயலாளர் அண்ணாச்சி, மலர்ல "ராம்தாஸ் கப்பல், 17.7.1947"ன்னு மாத்திருங்க. பேருக்கு முன்னால "அமரர்" வேண்டாம், அம்மா ஒத்துக்க மாட்டா. தூத்துக்குடி அத்தை வீட்ல ஒரு குரூப் போட்டோ இருக்கும்னு சொல்றாங்க, ஓட்டல் வாசல்ல எடுத்தது, அவங்க மகன் இந்த குழுவுலதான் இருக்காரு, மாப்ளே போன்ல ஒரு படம் புடிச்சு அனுப்புய்யா, அச்சுக்குப் போறதுக்கு முன்னால.