வெளிநாட்டு நிதி: எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பழக்கமுள்ள ஆடிட்டர் யாராவது தெரியுமா?

எல்லாருக்கும் வணக்கம். காட்பாடியில் திருநங்கைகளும் தன்பால் ஈர்ப்பாளர்களுமா நாங்க 12 பேர் சேர்ந்து சங்கம் பதிவு பண்ணி ரெண்டு வருஷம் ஆகுது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவங்க நாலு நாள் தங்க ஒரு அறை, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூடப் போக ஒரு ஆள்: இதுதான் எங்க வேலை. வாடகைப் பணம் பிஸ்கட் டப்பாவில்தான் சேருது. நேத்து எண்ணினப்போ 1,340 ரூபாய்.

நியூயார்க்கில் இருக்கிற அஸ்ட்ரேயா மாதிரி அறக்கட்டளைகளிடம் கேட்கலாம்னு ஒரு அக்கா சொன்னாங்க. ஆனா எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுக்கு 3 வருஷமும் 15 லட்சம் செலவுக் கணக்கும் வேணும் (எங்க டப்பாவுக்கு எத்தனை ஜென்மமோ!). பெரிய அமைப்பு வாங்கி எங்களுக்குப் பிரிச்சுத் தரலாம்னா, 2020 திருத்தம் அதையும் அடைச்சிடுச்சு. மிச்சம் முன் அனுமதிதான் (குறிப்பிட்ட ஒரு நன்கொடைக்கு மட்டும் மத்திய அரசிடம் முன்கூட்டியே வாங்குறது).

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் அந்த ஃபாரம் நிரப்பிப் பழகின ஆடிட்டர் இருந்தா சொல்லுங்க. ஃபீஸ் கொஞ்சம் பார்த்து வாங்குறவரா இருந்தா நல்லது.