மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்: நடனப் பயிற்சி சிந்தனை வேகத்திற்கு உதவுமா?

கேள்வி:
என் தங்கைக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளது. கால் தளர்ச்சியைவிட, பிறர் பேச்சைப் புரிந்துகொண்டு பதில் சொல்லத் தாமதமாவதே அவளை அதிகம் வருத்துகிறது. நடன சிகிச்சை இதற்குப் பயன் தருமா?

மறுமொழி 1:
நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறை இந்நோயில் சிதைவதால் நரம்புச் செய்திகள் மெதுவாகச் செல்கின்றன. ஆகவே இந்நோயில் பெரும்பாலும் முதலில் குறைவது தகவலைக் கையாளும் வேகமே. அசைவுகளின் வரிசையை நினைவில் வைத்து, தாளத்தைக் கவனித்து, அதே நேரத்தில் உடலையும் சமநிலையில் நிறுத்த வேண்டியிருப்பதால், நடனம் வெறும் நடைப்பயிற்சியைவிட மூளைக்குக் கூடுதல் வேலை தருகிறது என்பதே நடன சிகிச்சையின் அடிப்படை. ஆயினும் இந்நோயாளிகளிடம் நடந்த நடன ஆய்வுகள் சிறியவை. அவை பெரும்பாலும் நடையையும் சமநிலையையுமே அளந்தவை. நம்பிக்கை வைக்கலாம், உறுதி தர இயலாது.

மறுமொழி 2:
நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியான ஆய்வை, நடனம் மூளைக்கு நல்லது என்பதற்குப் பலர் சான்றாகக் காட்டுவார்கள். அது முதுமை மறதியைப் பற்றியது. இந்நோய்க்கு அப்படியே பொருந்தாது.

மறுமொழி 3:
உடல் சூடேறினால் அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும் என்பதால், குளிர்ந்த வேளையில், பிடித்துக்கொள்ள நாற்காலியுடன் பயிலட்டும். தொடங்குமுன் நரம்பியல் மருத்துவரிடம், சிந்தனை வேகத்தை அளக்க, குறியீடுகளுக்கு உரிய எண்களைப் பொருத்தும் 90 விநாடிச் சோதனையைச் செய்துகொண்டு, சில மாதங்கள் கழித்து மீண்டும் செய்து ஒப்பிடுங்கள், அம்மா.