அறுபதைத் தாண்டிய மூட்டுக்கு ஓய்வு வேண்டுமா, வேலை வேண்டுமா?

மயிலைவாசி:
வணக்கம். வயது 66. சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. காலையில் நாகேஸ்வரராவ் பூங்காவில் நடப்பது வழக்கம். கொஞ்ச நாளாக வலது குதிகாலுக்குச் சற்று மேலே, அந்தத் தடித்த நாணில், படுக்கையை விட்டு எழுந்ததும் சுருக்கென்று வலிக்கிறது. நாலு எட்டு வைத்தால் விட்டுவிடுகிறது. இடது முழங்கால் படி இறங்கும்போது மட்டும் படுத்துகிறது. "போதும், உட்காருங்க" என்கிறாள் வீட்டுக்காரி. மகன் போகிற ஜிம்மில் பயிற்சியாளரோ "வெயிட் போடுங்க அங்கிள், சரியாயிடும்" என்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அண்ணாநகர் சீனியர்:
வீட்டில் சொல்வதைக் கேளுங்கள் சார். நிதானமான நடை போதும், அதையும் வலிக்கிற நாளில் விட்டுவிடுங்கள். எனக்கு 71. ஆசைப்பட்டு ஜிம்முக்குப் போன என் நண்பரைக் குதிக்கச் சொன்னார்கள். குதிகால் நாண் அறுந்து மாதக்கணக்கில் கட்டோடு கிடந்தார்.

சும்மா பயமுறுத்தவில்லை. டென்மார்க்கில் 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன், மனிதர்களின் குதிகால் நாணில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அளந்தார்கள். வளர்ச்சி முடிகிற வயதோடு சரி, அதன் பிறகு நாணின் உட்பகுதி அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. பதினேழு வயதில் முறுக்கிய கயிற்றைத்தான் நீங்கள் இன்னும் வைத்திருக்கிறீர்கள். அதில் பாரம் ஏற்றுவானேன்? எடையைக் குறையுங்கள். உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் எட்டிலும் முழங்கால் தாங்குவது 4 கிலோ குறைகிறது.

பெரம்பூர் பிசியோ:
சீனியர் சார், எடை பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அந்த டென்மார்க் ஆய்வும் உண்மை. அதிலிருந்து நீங்கள் எடுக்கிற முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. நாண் பழசு என்பதால் அதற்கு வேலை வேண்டாம் என்று ஆகாது. வேலை கொடுக்காவிட்டால் நாண் விறைப்பு இழக்கிறது, கெண்டைக்கால் தசை மெலிகிறது. அப்புறம் நேற்று சாதாரணமாக நடந்த அதே தூரம் இன்று அந்தக் காலுக்கு அதிகப்படியாகிவிடும். முழங்கால் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது. அழுந்தி விடுபடும்போது மூட்டுத் திரவத்தை உறிஞ்சித்தான் அது பிழைக்கிறது. முழு ஓய்வு என்றால் அதைப் பட்டினி போடுகிறோம்.

ஸ்வீடனைச் சேர்ந்த ஹோகன் ஆல்ஃபிரெட்சன் 1998-இல் வெளியிட்ட முறையைச் சொல்கிறேன். படியின் விளிம்பில் முன்பாதம் ஊன்றி, நல்ல காலின் பலத்தால் எழும்பி, வலிக்கிற காலால் மெதுவாகக் குதிகாலை இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவை மூன்று சுற்று, லேசாக மடக்கி அதே கணக்கு. நாளுக்கு இருவேளை, 12 வாரம். எலும்போடு நாண் ஒட்டுகிற அடிப்பகுதியில் வலி என்றால் மட்டும் படி மட்டத்துக்குக் கீழே இறக்கக் கூடாது.

எவ்வளவு வலியைப் பொறுக்கலாம்? பத்துக்கு ஐந்து வரை பரவாயில்லை, ஆனால் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லையா, நேற்று செய்தது அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வருகிறவர்களிடம் வயதைவிட இந்த மறுநாள் காலையைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

அண்ணாநகர் சீனியர்:
அம்மா, அந்த ஸ்வீடன் மருத்துவர் பார்த்தது சராசரியாக நாற்பது சொச்சம் வயதுள்ள ஓட்டக்காரர்களை. இங்கே கேட்பவர் 66 வயதுச் சர்க்கரைக்காரர். படி விளிம்பில் தனியாக நின்று தலைசுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். பலருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் வயதான மனைவி மட்டும். நம் ஊரில் எத்தனை வீடுகள் இப்படி! அதை யோசிக்க வேண்டாமா?

பெசன்ட்நகர் நடை:
நடுவுல ஒண்ணு சொல்றேன். வெறுங்காலோட மணல்ல நடங்க சார், எல்லாம் சரியாயிடும். பார்க்குல எட்டு போட்டும் நடக்கலாம். எங்க ஏரியாவுலதான் 2023 நவம்பர்ல 8 கிலோமீட்டர் ஹெல்த் வாக் பாதையைத் திறந்தாங்க. 2021-ல சுகாதார அமைச்சரான மா. சுப்பிரமணியன் அறுபது தாண்டியும் மாரத்தானே ஓடுறார், நம்மால நடக்க முடியாதா?

பெரம்பூர் பிசியோ:
அண்ணா, அவர் வருஷக்கணக்கில் பழகிய உடம்போடு ஓடுகிறார். மயிலைவாசி சாருக்கு இப்போது உலர்ந்த மணல் வேண்டவே வேண்டாம். குதிகால் புதையப் புதைய நாண் கூடுதலாக இழுபடும். சர்க்கரைக்காரர் வெறுங்காலோடு போனால் குத்துவது தெரியாமல் புண்ணாகவும் வாய்ப்பு உண்டு. எட்டு நடையில் தப்பில்லை, ஆனால் மொட்டை மாடியில் சின்னதாக வரைந்து சட்டென்று திரும்பினால் முழங்கால் முறுகும். அது தசைக்குப் பலம் தருகிற பயிற்சியும் இல்லை. 65-க்கு மேற்பட்டவர்களுக்கு வலிமைப் பயிற்சி வாரம் 2 நாளாவது, சமநிலைப் பயிற்சி 3 நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தனியாகச் சொல்லியிருக்கிறது. வெறும் நடையோடு அது முடியாது.

சீனியர் சார் கேட்டது நியாயமான கேள்வி. சர்க்கரை இருந்தால் நாண் இறுகும், குணமாக நாளாகும். அதனால் தொடக்கத்தில் தரையில், இரண்டு காலாலும், சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு எழும்பி இறங்கினால் போதும். வயதை மட்டும் காரணம் காட்டாதீர்கள். அமெரிக்காவில் 1990-இல், 90 வயதை ஒட்டிய முதியோர் இல்லத்தவர்களுக்கு 8 வாரம் கால் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். தொடை வலிமை சராசரியில் இரண்டு மடங்குக்கும் மேலானது.

மயிலைவாசி சார், ஒரு கேள்வி. சமீபத்தில் ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீர்களா?

மயிலைவாசி:
ஆமாம். சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃபிளாக்சசின் கொடுத்தார்கள். வலி அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?

பெரம்பூர் பிசியோ:
இருக்கலாம். சிப்ரோஃபிளாக்சசின், லீவோஃபிளாக்சசின் வகை மருந்துகள் நாணைப் பாதிக்கலாம், அறுக்கவும் கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் கடும் எச்சரிக்கை போட்டது. 60-ஐத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து கூடுதல். மருந்தை நிறுத்திச் சில மாதம் கழித்துக்கூட வரலாம். குதிகால் பயிற்சி எதுவும் இப்போது வேண்டாம். முதலில் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். கிண்டியில் 2024-இல் தொடங்கிய தேசிய முதியோர் நல மையமும் இருக்கிறது. பின்னங்காலில் யாரோ அடித்த மாதிரி உணர்ந்து, விரல் நுனியில் எழும்ப முடியாமல் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அண்ணாநகர் சீனியர்:
இதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன், நிறுத்துங்கள் என்று.

பெரம்பூர் பிசியோ:
இல்லை சார். நீங்கள் மொத்த உடம்பையும் நிறுத்தச் சொன்னீர்கள். நான் ஒரு நாணுக்கு, ஒரு காரணத்துக்காக, மருத்துவர் பார்க்கும்வரை நிறுத்தச் சொல்கிறேன். முழங்காலுக்கு இன்றைக்கே தொடங்கலாம். உயரமான நாற்காலியில் தலையணை போட்டுச் சுவரோடு ஒட்டி வையுங்கள். முழுப்பாதமும் தரையில் இருக்கட்டும். கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். எட்டு தடவை, கொஞ்சம் ஓய்வு, இன்னொரு எட்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

அண்ணாநகர் சீனியர்:
நாற்காலிக்கு மறுப்பில்லை. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். படி விளிம்புக்கு இப்போதும் சம்மதம் இல்லை.

மயிலைவாசி:
நாளை மருத்துவரைப் பார்க்கிறேன், மாத்திரைச் சீட்டையும் கொண்டுபோகிறேன். நாற்காலிப் பயிற்சியை மனைவி வீட்டில் இருக்கும் நேரத்தில் செய்கிறேன். அவளுக்கும் முழங்கால் வலி உண்டு, அவளும் சேர்ந்து செய்யலாமா?

பெரம்பூர் பிசியோ:
தாராளமாக. வலி, வீக்கம், இரத்த அழுத்தம் எப்படி என்று முதலில் எழுதுங்கள். அவருக்கு எத்தனை தலையணை, எத்தனை தடவை என்று தனியாகச் சொல்கிறேன்.