வெளிநாட்டுக் கார்டில் பணம் வாங்குவது: லண்டனில் புதிதாகக் கடை தொடங்கும் தங்கைக்கு

ஈஸ்ட் ஹாமுக்கு வந்து மூன்று மாதமே ஆன ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அக்கா, நாகர்கோவில் வடசேரியிலிருந்து பரதநாட்டிய நகை வரவழைத்து ஆன்லைனில் விற்கப்போகிறேன். சூரிச், ஆஸ்லோ, டொராண்டோ என்று எல்லாப் பக்கமும் கேட்கிறார்கள். கார்டில் பணம் வாங்க எது நல்லது?"

நான் ஹாரோவில் இருந்துகொண்டு ஆறு வருடமாக இதே நகையைத்தான் விற்கிறேன். தலைசாமான், ராக்கொடி, ஒட்டியாணம், சலங்கை எல்லாம். கார்டுப் பணத்தை வாங்கித் தரும் கட்டண நிறுவனங்களில் எது நல்லது என்று தேடினால் அரை மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும். ஆனால் கார்டில் வந்த பணம் அன்றைக்கே நம் பணம் ஆகிவிடுவதில்லை என்பது புரியத்தான் எனக்குப் பல மாதம் ஆனது. வாங்கியவர் தன் வங்கியிடம் முறையிட்டால் பெரும்பாலும் 120 நாள் வரைகூட அந்தப் பணம் நம்மிடமிருந்து திரும்பிப் போகலாம். அதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

முதலில் விசா. பிரிட்டனில் மாணவர் விசாவில் இருப்பவர் சொந்தத் தொழில் செய்யக் கூடாது. இன்ஸ்டாகிராமில் நாலு நகை விற்றாலும் அது தொழில்தான். ஸ்கில்டு வொர்க்கர் என்ற வேலை விசாவில் இருப்பவரின் துணையாக வந்தவருக்கு சொந்தத் தொழில் செய்ய அனுமதி உண்டு. நான் அப்படி வந்தவள்தான். விசாவை வைத்திருப்பவரே கடை தொடங்க நினைத்தால், குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் ஒரு பைசா வாங்காதீர்கள். அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருக்கும் தம்பிகளுக்கும் இதையே சொல்கிறேன். நண்பர் பெயரில் கடை, நம் கையில் வேலை என்பதெல்லாம் வேண்டாம். நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான பல வருடக் காத்திருப்பை நூறு பவுண்டு லாபத்துக்காகப் பணயம் வைப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

அப்புறம் பெயர். இது நம்மவர்களுக்கென்றே உள்ள சிக்கல். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது. வங்கிக் கணக்கில் அது இனிஷியலாகச் சுருங்கிவிட்டது. வரித்துறைக் கடிதத்தில் இரண்டும் இடம் மாறி வந்தது. நான் முதலில் சேர்ந்த கட்டண நிறுவனம் இந்த மூன்றும் ஒரே ஆள்தான் என்று நம்புவதற்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. அந்த மூன்று வாரமும் விற்ற பணம் உள்ளேயே நின்றது. வடசேரி ஆசாரிக்குக் கொடுக்க வேண்டிய முன்பணத்தைக் கடன் வாங்கிக் கொடுத்தேன். அதனால் கணக்கு தொடங்கும் முன்பே பாஸ்போர்ட், இ-விசா, வங்கி, முகவரிச் சான்று நான்கிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வங்கியில் முதலில் திருத்துங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் முதல் விற்பனைப் பணம் கைக்கு வர 7 முதல் 14 நாள் ஆவது சாதாரணம். அந்த இரண்டு வாரத்துக்கான காசைத் தனியாக எடுத்து வையுங்கள்.

சரி, கட்டணத்துக்கு வருவோம். நான் இப்போது வைத்திருப்பது ஸ்ட்ரைப் என்ற கட்டண நிறுவனம். அதன் பிரிட்டன் விலைப்பட்டியலில் சாதாரண உள்ளூர் கார்டுக்கு 1.5 சதவீதமும் 20 பென்ஸும். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக் கார்டுக்கு 2.5 சதவீதமும் 20 பென்ஸும். மற்ற நாட்டுக் கார்டுக்கு 3.25 சதவீதமும் 20 பென்ஸும். இதில் நம் வியாபாரத்துக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் பொருளாதாரப் பகுதியில் இருக்கிறது. சுவிட்சர்லாந்து இரண்டிலும் இல்லை. 100 பவுண்டு செட்டை ஆஸ்லோ அக்கா வாங்கினால் 2 பவுண்டு 70 பென்ஸ் போகும். சூரிச் அக்கா வாங்கினால் டொராண்டோ போலவே 3 பவுண்டு 45 பென்ஸ். நம் வாடிக்கையாளரில் சுவிஸ் தமிழர்கள் எவ்வளவு பேர் என்று உங்களுக்கே தெரியும். விலை போடும்போது உள்ளூர்க் கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

அவர்கள் நாட்டு நாணயத்தில் விலை காட்டினால் வாங்குபவருக்கு வசதிதான். ஆனால் அதைப் பவுண்டாக மாற்ற இன்னொரு 2 சதவீதம் போகிறது. ஆக சூரிச் அக்காவின் 100 பவுண்டில் கிட்டத்தட்ட ஐந்தரை பவுண்டு காலி. தொடக்கத்தில் எல்லோருக்கும் பவுண்டிலேயே விலை காட்டுங்கள். மாற்றுவதை அவர்கள் வங்கி பார்த்துக்கொள்ளும். யூரோவில் நிறைய விற்கத் தொடங்கிய பிறகு யூரோ கணக்கு ஒன்று திறப்பதைப் பற்றி யோசிக்கலாம். "கார்டு என்றால் இரண்டு பவுண்டு கூடுதல்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பிரிட்டனில் நுகர்வோர் கார்டுக்குத் தனிக் கட்டணம் வாங்குவது 2018 ஜனவரி முதல் சட்டவிரோதம். எல்லாம் விலைக்குள்ளேயே அடங்க வேண்டும்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயம். நம் ஆட்கள் பாசத்தில் கார்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். முன்பக்கம், பின்பக்கம், மூன்று இலக்க எண் உட்பட. "நீங்களே போட்டு எடுத்துக்கோங்க அக்கா, எனக்கு இதெல்லாம் வராது." ஒருபோதும் போடாதீர்கள். அந்த மூன்று இலக்க எண்ணைச் சேமித்து வைக்க எந்தக் கடைக்கும் அனுமதி இல்லை. நாளை அந்தக் கார்டில் வேறு எங்கோ மோசடி நடந்தால் முதல் சந்தேகம் நம் மேல் வரும். அதோடு நாம் எண்ணைத் தட்டி எடுத்த பணத்துக்கு வங்கியின் உறுதிப்படுத்தல் எதுவும் இருக்காது. படத்தை அழித்துவிட்டு, அவரே கார்டு எண்ணைப் போட்டுப் பணம் கட்டும் லிங்க் ஒன்றை அனுப்புங்கள். தெரியாது என்பவருக்குத் தொலைபேசியில் படிப்படியாகச் சொல்லிக்கொடுங்கள். எழுபது வயதுப் பாட்டி ஒருவர் பேத்தியின் அரங்கேற்றத்துக்கு அப்படித்தான் முதல் தடவை ஆன்லைனில் பணம் கட்டினார். இன்று மூன்று பேத்திக்கும் அவரேதான் வாங்குகிறார்.

பணம் திரும்பிப் போவது எப்படி என்று என் கதையைச் சொல்கிறேன். பாரிஸிலிருந்து ஒருவர் 140 பவுண்டுக்குத் தலைசாமான் செட் வாங்கினார். அரங்கேற்றம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, இந்தச் செலவை நான் செய்யவே இல்லை என்று வங்கியில் முறையிட்டார். கெட்ட எண்ணம் இல்லை. அவருடைய கார்டு அறிக்கையில் என் கடைப் பெயருக்குப் பதிலாக என் அப்பா பெயர் வந்திருக்கிறது. யாரோ ஓர் ஆண் பணம் எடுத்துவிட்டான் என்று பயந்துவிட்டார். நான் அழைத்துப் பேசியதும் மன்னிப்புக் கேட்டு முறையீட்டைத் திரும்பப் பெற்றார். அப்படியும் நான் ஆதாரம் அனுப்பி, பல வாரம் காத்திருந்துதான் பணம் திரும்பியது. அறிக்கையில் வரும் பெயரை நாமே அமைக்கலாம். 22 எழுத்துவரை இடம் இருக்கும். கடைப் பெயரைப் போடுங்கள். முதல் நாளே, வேறு எந்த வேலைக்கும் முன்னால்.

மோசடியைக் கண்டுபிடிப்பதில் நமக்கு ஒரு தலைவலி உண்டு. கார்டு முகவரி ஓர் ஊர், பார்சல் முகவரி வேறு நாடு என்றால் சந்தேகப்படு என்பார்கள். நம்மிடம் அது தினமும் நடக்கும். டொராண்டோ மாமா பணம் கட்டுவார், நகை சூரிச் மருமகளுக்குப் போகும். அதனால் முகவரியை மட்டும் பார்த்து ஆர்டரைத் தள்ளாதீர்கள். ஒரு போன் போடுங்கள், எந்த ஆசிரியரிடம் படிக்கிறாள், அரங்கேற்றம் எப்போது என்று கேளுங்கள். உண்மையான மாமா அரை மணி நேரம் பேசுவார். ஆர்டர் ஒன்று, முயன்ற கார்டு ஐந்து என்றால் அது வேறு. பொட்டு அட்டை போல ஒரு பவுண்டு சாமானுக்கு இரவு இரண்டு மணிக்கு முப்பது ஆர்டர் வந்தாலும் அது வேறு. திருடிய கார்டு எண்கள் வேலை செய்கின்றனவா என்று மோசடிக்காரர்கள் சோதிக்கிறார்கள். உடனே அந்தப் பொருளின் விற்பனையை நிறுத்திவிட்டு, வந்த பணத்தையெல்லாம் நீங்களே திருப்பிவிடுங்கள்.

பிரிட்டன், ஐரோப்பியக் கார்டுகளில் வங்கி ஆப்பில் உறுதிசெய்யச் சொல்லும் ஒரு படி வரும். அது நடந்திருந்தால், "நான் வாங்கவில்லை" என்ற முறையீட்டின் நஷ்டம் பொதுவாக வங்கியைச் சேரும். அமெரிக்கக் கார்டுகளில் பெரும்பாலும் அந்தப் படி தானாக வராது. பெரிய தொகைக்கு அதைக் கட்டாயமாக்கும் வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள். ஆனால் "பொருள் வரவில்லை", "சொன்னபடி இல்லை" என்ற முறையீடுகளுக்கு இது உதவாது. முதலாவதற்குக் கையெழுத்து வாங்கும் தபால்தான் வழி. இரண்டாவதற்கு நம் நேர்மைதான் வழி. வடசேரி வெள்ளி நகை வேறு, அதே வடிவில் வரும் இமிடேஷன் கெம்பு செட் வேறு. இரண்டையும் "கோயில் நகை" என்று ஒரே பெயரில் போட்டு விற்பவர்களைப் பார்க்கிறேன். வெள்ளியா, பித்தளையா, என்ன முலாம் என்று பொருளின் பக்கத்திலேயே எழுதுங்கள். அது அந்த ஆசாரிகளுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதையும்கூட.

அமெரிக்காவுக்கு அனுப்புவோர் கவனிக்க: 800 டாலருக்குக் கீழே சுங்கமில்லை என்ற பழைய சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுப் பார்சலுக்கும் நிறுத்தப்பட்டுவிட்டது. வரியை யார் கட்டுவது என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், பார்சலை வாங்க மறுத்துவிட்டுப் பணத்தையும் திருப்பிக் கேட்பார்கள்.

இன்னும் மூன்று கேள்விகளுக்கும் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

அரங்கேற்றத்தில் போட்டுவிட்டுத் திருப்பி அனுப்பினால்? ஆன்லைனில் வாங்கிய பிரிட்டன் வாடிக்கையாளருக்கு, பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் ரத்துசெய்ய உரிமை உண்டு. ஆனால் அணிந்து பயன்படுத்தியதால் குறைந்த மதிப்பை நாம் கழித்துக்கொள்ளலாம். அளவு கொடுத்துச் செய்யச் சொன்ன நகைக்கு இந்த உரிமை கிடையாது. இதைப் பணம் கட்டும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பணம் திருப்பினாலும் கட்டண நிறுவனம் எடுத்த பங்கு நமக்குத் திரும்பாது என்பதும் நினைவிருக்கட்டும்.

வரி? ஒரு வரி ஆண்டில், அதாவது ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை, மொத்த விற்பனை 1,000 பவுண்டைத் தாண்டினால் அடுத்து வரும் அக்டோபர் 5-க்குள் வரித்துறையில் பதிவு செய்ய வேண்டும். லாபம் அல்ல, விற்பனை.

ஊரில் அண்ணன் கணக்கில் வாங்கிக்கொள்ளலாமா? வேண்டாம். வருமானம் உங்களுடையது, கணக்கு அவருடையது என்றால் இங்கே நீங்களும் அங்கே அவரும் பதில் சொல்ல வேண்டிவரும். சென்னையிலிருந்து வாங்குபவர் கார்டு நிராகரிக்கப்பட்டால் மட்டும் பதறாதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும். வங்கி ஆப்பில் போய் அவரே அதைத் திறந்துவிட்டு மறுபடி முயன்றால் பெரும்பாலும் பணம் வந்துவிடும்.