ஸ்பான்ல நிக்கற கடைக்காரர எடுத்துருலாமா வேண்டாமா? (நம்ம மைன்கிராப்ட் சர்வர்)

மஞ்சமண்டி_ஈரோடு

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. நம்ம சர்வைவல் சர்வர்ல ஸ்பான்ல, அதாவது எல்லாரும் மொதல்ல வந்து எறங்கற எடத்துல, ஒரு கடைக்காரர் நிக்கறாருங்ல்ல, அட்மின் ப்ளகின் (கூடுதல் ப்ரோக்ராம்) போட்டு நிறுத்தி வெச்ச என்பிசி, ஆளில்லாம கம்ப்யூட்டரே ஓட்டற பாத்திரம், நாமெல்லாம் அண்ணாச்சின்னு கூப்புடறமே, அவர எடுத்துரோணும்னு சொல்றனுங்க.

காரணம் ஒண்ணுதான். எத்தன சரக்கு கொண்டு போனாலும் ஒரே வெலைக்கு வாங்கறாரு. கரும்பு ஒரு ஸ்டாக், அதாவது 64 கரும்பு, 10 காயின். ஒரு ஸ்டாக் குடுத்தாலும் 10தான், டபுள் செஸ்ட் (ரெட்டைப் பெட்டி) நெறய 54 ஸ்டாக் கொண்டாந்து கொட்டுனாலும் அதே 10தான், மொத்தம் 540 காயின் கைல வந்துருது. அந்தக் காயின் யாரோட பையில இருந்தும் வர்றதில்லீங்க, சர்வர் அங்கயே புதுசா உண்டாக்கிக் குடுக்குது. எங்கூர்ல மஞ்ச அறுப்பு சீசன்ல மண்டிக்கு வரத்து எச்சாச்சுன்னா வெல எறங்கும், அதப் பாத்துட்டு வெவசாயி கொஞ்ச மூட்டைய குடோன்லயே போட்டு வெப்பாரு, அடுத்த வருசம் பாதிக் காட்டுல வேற வெள்ளாம வெப்பாரு. அண்ணாச்சிகிட்ட வரத்துங்கற கணக்கே கெடையாது, அதனால எல்லாரும் கரும்பே போடறாங்க.

இதனால என்னாச்சு? சர்வர் ஆரம்பிச்சப்ப மெண்டிங் புக் (தேஞ்ச கருவிய சரியாக்கற மந்திரப் புக்கு) 300 காயின், இப்ப 3000 கேக்கறாங்க. வைரத்த காயினுக்கு விக்க ஒருத்தரும் தயாரா இல்ல. ஆத்தோரம் கடைவீதின்னு ஒண்ணு கட்டுனமே, போய்ப் பாருங்க, போர்டு மட்டும்தான் தொங்குது.

நைட்ஷிப்ட்_டெய்லர்

அண்ணா நீங்க சொல்ற கணக்கு புரியுதுங்ணா ஆனா அது தெனமும் நாலு மணி நேரம் வெளாடறவங்களோட கணக்கு. நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில ஓவர்லாக் ஓட்டறேன், ஆர்டர் அவசரம்னா ஒன்றரை ஷிப்ட்டு ஆயிருது, ரூமுக்கு வந்து குளிச்சு சாப்பிட்டு உக்காந்தா ராத்திரி மணி பன்னெண்டு, எனக்குக் கெடைக்கறது ஒரு மணி நேரம், அதுவும் நெட்டு நல்லா இருந்தா. அந்த நேரத்துல கடைவீதிக்குப் போனா ஒரு செஸ்ட்ல சரக்கு இல்ல, ஒருத்தரு போர்டுல பழைய வெல, ஒருத்தரு ஆன்லைன்லயே இல்ல. அண்ணாச்சி எப்பவும் நிப்பாரு, நான் வெட்டுன நிலக்கரிய வாங்கிட்டு ரொட்டியும் அம்பும் குடுப்பாரு, அப்பறம்தான் நான் குகைக்குள்ளயே எறங்க முடியும். அவர எடுத்துட்டீங்கன்னா என்ற மாதிரி ஆளுக்கு அந்த ஒரு மணி நேரமும் சோறு தேடறதுலயே போயிரும்.

கோபி_கரும்பு

தம்பி, உன்ற கஷ்டம் நெசம். ஆனா கடைவீதி ஏன் காலியாச்சுன்னும் ரோசன பண்ணு கண்ணு, அங்க கடை வெச்சிருந்தவங்கள்ல நானும் ஒருத்தி.

என்ற கடை புத்தகக் கடை. ஒரு வில்லேஜர, கேம்லயே இருக்கற ஊர்க்காரர, படகுல ஏத்தி ஆத்து வழியா ஓட்டிட்டு வந்து, கடைக்குள்ள நிறுத்தி, லெக்டர்ன் (புத்தக மேசை) வெச்சு புக்கு விக்கற லைப்ரேரியன் ஆக்குனேன். மொதல்ல வந்தது வேண்டாத புக்கு. லெக்டர்ன ஒடைக்கறது, மறுபடி வெக்கறது, மறுபடி பாக்கறதுன்னு மெண்டிங் வர்ற வரைக்கும் அதே சோலியா இருந்தேன். வந்ததும் ஒரு தடவ ட்ரேடு பண்ணி அத நெலையாக்கிட்டேன். அவருக்கு சுத்தி சுவரு, மேல வெளக்கு, ஏன்னா ராத்திரி ஜாம்பி கடிச்சா ஹார்டு மோடுல கண்டிப்பா ஜாம்பி ஆயிருவாரு, அப்பறம் வீக்னஸ் போஷன் வீசி தங்க ஆப்பிள் குடுத்துத்தான் மீட்கணும். இத்தன பாடும் பட்டு ஒரு புக்க 300க்கு வித்தேன், வாங்க வந்தவங்க நின்னு பழமை பேசிட்டுப் போவாங்க, எங்க வீடு கட்டிருக்காங்க, எந்தப் பக்கம் கோட்டை இருக்குதுன்னு அங்கதான் தெரியும்.

கரும்புக் காயின் வெள்ளமா வந்தப்பறம் 300 காயின வெச்சு நான் ஒண்ணும் வாங்க முடியல. வைரம் வேணும், வைரம் வெச்சிருக்கறவங்க காயின் வேண்டாங்கறாங்க. சேத்து வெச்ச காயின் அத்தனையும் அப்படியே கெடக்குது. கடைய மூடாம என்ன பண்றது?

ரெட்ஸ்டோன்_பீளமேடு

எல்லாரும் கரும்பு கரும்புங்கறீங்க, அந்த பெரிய பார்ம் என்னுதுதான், நேராவே பேசிடலாம்.

அது சும்மா வரலீங்க. கரும்பு மூணாவது அடுக்கு வளந்தா அப்சர்வர் பாக்கும், பிஸ்டன் ரெண்டாவது அடுக்க தட்டும், கீழ ஹாப்பர் மைன்கார்ட் ஓடி பொறுக்கும். ஹாஸ்டல்ல செமஸ்டர் லீவு பூரா உக்காந்து கட்டுனேன். அயர்னு, ரெட்ஸ்டோன் (மெஷின ஓட்டற, மின்சாரமாட்டப் பொடி), குவார்ட்ஸ் எல்லாம் நானே தோண்டுனது. மைன்கிராப்ட்ல ஆட்டோமேட் பண்றது தப்புன்னா ரெட்ஸ்டோன்னு ஒண்ணு எதுக்கு? ஒழச்சவனுக்கு வருமானம் வருது, அவ்வளவுதான்.

அப்பறம் ஈரோட்டு அண்ணா சொல்றாரு சர்வர் காயின புதுசா உண்டாக்குதுன்னு. வில்லேஜர் மட்டும் என்ன பண்றாரு? 2012ல 1.3.1 அப்டேட்ல ட்ரேடிங் வந்ததுல இருந்து எமரால்டு, அதாவது வில்லேஜரோட காசு, எங்கிருந்து வருது? அம்பு செய்யற வில்லேஜர் ப்ளெட்சர்கிட்ட 32 குச்சி குடுத்தா ஒரு எமரால்டு, பார்மர்கிட்ட 20 கோதுமைக்கு ஒண்ணு. அதுவும் காத்துல இருந்துதான் வருது. கேம பண்ணுனவங்களே வெச்சிருக்கறப்ப நம்ம சர்வர்ல இருந்தா மட்டும் தப்பா?

மஞ்சமண்டி_ஈரோடு

நல்ல கேள்வி தம்பி. ஆனா அந்த ப்ளெட்சர்கிட்ட நின்னு ஒரு டபுள் செஸ்ட் குச்சிய ஒரே மூச்சுல வித்துப் பாரு. பதினாறு தடவ வாங்குவாரு, அப்பறம் பூட்டிக்குவாரு. தன்ற ப்ளெட்சிங் டேபிளுக்குப் போய் வேல செஞ்சாத்தான் மறுபடி தொறப்பாரு, அதுவும் ஒரு நாளைக்கு ரெண்டே தடவ, கேம்ல ஒரு நாள்னா நம்ம 20 நிமிசம். விடாம அதையே வித்தா அடுத்த வாட்டி ஒரு எமரால்டுக்கு 32க்கு மேல கேப்பாரு, கொஞ்ச நாள் விட்டா பழையபடி எறங்கும். அவர அடிச்சா வெல ஏத்துவாரு, அந்தச் சேதி பக்கத்து வில்லேஜருக்கும் போயிரும். 2019ல 1.14 வந்தப்ப இத்தனையும் யோசிச்சுத்தான் வெச்சாங்க. மீட்ட வில்லேஜர் தர்ற தள்ளுபடிய மறுபடி மறுபடி ஜாம்பியாக்கி மீட்டு ஒரு எமரால்டுக்குக் கொண்டாந்தாங்கல்ல, அதையும் 1.20.2ல மொத தடவைக்கு மட்டும்னு நிறுத்திட்டாங்க. கேம பண்ணுனவங்க கடைக்காரருக்கு ஒரு வரம்பு வெச்சுக்கிட்டே வர்றாங்க. நம்ம அண்ணாச்சிக்கு ஒரு வரம்பும் இல்ல. அதத்தான் தப்புங்கறேன், உன்ற ஒழைப்ப இல்ல.

ரஸ்ட்_பொள்ளாச்சி

நான் ரஸ்ட்டுங்கற இன்னொரு கேம்ல இருந்து வந்தவன், அங்க எப்படின்னு சொல்றேன். ரஸ்ட்ல அவுட்போஸ்ட்டுன்னு ஒரு எடம், சேப் சோன், அங்க துப்பாக்கிய கைல எடுத்துட்டு நின்னா கொஞ்ச நேரத்துல காவல் நிக்கறவனுக சுட்டுப் போடுவானுக. அங்க இருக்கற மெஷின்ல ஸ்க்ராப் (அங்கத்த காசு) குடுத்தா சாமான் வாங்கலாம். ஆனாலும் அங்க பொருளாதாரம் கெட்டுப் போறதில்ல, ஏன்னா மாசா மாசம் மொத வியாழக்கெழம வைப் ஆயிரும். மேப்பு, வீடு, ஸ்க்ராப்பு எல்லாம் சுத்தமாப் போய் எல்லாரும் கல்லத் தூக்கிட்டு கடக்கரைல நிக்கணும். எத்தன சேத்தாலும் ஆயுசு ஒரு மாசம்.

நம்ம சர்வர்ல வைப்பே கெடையாதுன்னு வாக்கு குடுத்துருக்கோம். அப்பிடின்னா காயின் மேல காயின் ஏறிக்கிட்டேதான் போகும், வெளிய போற வழி இருக்கோணும். அண்ணாச்சிகிட்ட வாங்கறதுக்கு ரொட்டியும் அம்பும்தான் இருக்குது, அதுல எத்தன காயின் கரையும்? என்பிசிய எடுக்க வேண்டாம், அவரு வாங்கறத நிறுத்திட்டு விக்கறத மட்டும் வெச்சுக்கலாம். வித்தா காயின் உள்ள போய் அழியும், வாங்குனாத்தான் பெருகும்.

கரூர்_கொசுவலை

ஒருத்தருமே சொல்லாத ஒண்ணு சொல்றேன். எனக்கு அண்ணாச்சி வேணும்.

கடைவீதி நல்லா ஓடுன காலத்துல நான் அங்க போனப்ப என்ன நடந்துச்சுன்னா, பாதிக் கடைல வெல போர்டே கெடையாது, மைக் ஆன் பண்ணி கேளுங்கம்பாங்க. மைக் ஆன் பண்ணுனா பொண்ணுன்னு தெரிஞ்சதும் வெலயச் சொல்லாம எந்த ஊரு, என்ன படிக்கற, இன்ஸ்டா ஐடி என்னன்னு ஆரம்பிப்பாங்க. ஒரு கிளான்காரங்க அவங்க ஆளுக்கு ஒரு வெல எனக்கு ஒரு வெல சொன்னாங்க. ரெண்டு தடவ பாத்துட்டு அந்தப் பக்கம் போறதையே விட்டுட்டேன். அண்ணாச்சி யாரு என்னன்னு பாக்கறதில்ல, எல்லாருக்கும் ஒரே வெல, கிளிக் பண்ணி வாங்கிட்டு நான் பாட்டுக்குப் போறேன். கோபி அக்கா கடைல பழமை பேசறது நல்லாத்தான் இருந்துருக்கும், அக்கா இருந்ததால. எல்லாக் கடைலயும் அக்கா இல்லீங்க. பொருளாதாரம் சரியாகணும்னு என்னய மறுபடி அந்த வீதிக்கு அனுப்பாதீங்க.

கோபி_கரும்பு

அம்மிணி, நீ சொன்னது ரெண்டு தடவ படிச்சேன். அந்த ஐடி கேட்டவங்க பேர அட்மினுக்குத் தனியாப் போட்டுத் தாட்டிவிடு, அது இந்தப் பேச்சுக்கு வெளிய உடனே பாக்க வேண்டிய சோலி.

ஆனா யாரும் யார்கிட்டயும் பேசாம வாங்கறதுக்கு அண்ணாச்சிதான் வேணும்னு இல்ல. நம்ம சர்வர்ல இருக்கற ஷாப்கீப்பர்ஸ் ப்ளகின்லயே ஆளுக ஆளுக்கு சொந்தக் கடைக்காரர நிறுத்தலாம். பாக்க வில்லேஜராட்டத்தான் நிப்பாரு, ஆனா அவருக்குப் பக்கத்துல ஒரு செஸ்ட்டு கட்டி வெக்கணும், அந்த செஸ்ட்ல இருக்கற சரக்கத்தான் விப்பாரு, விக்கற காசும் அதுக்குள்ளயே விழும். வெல முன்னாடியே தெரியும், எல்லாத்துக்கும் ஒண்ணு, நான் தூங்கறப்பவும் கடை நடக்கும். அதுலயே வாங்கற கடைக்காரரும் இருக்காரு, செஸ்ட்ல காசு இருக்கற வரைக்கும் வாங்குவாரு, தீந்தா நிறுத்திக்குவாரு. நம்ம அண்ணாச்சி அட்மின் கடைக்காரர், அவருக்கு செஸ்ட்டே கெடையாது. வித்தியாசம் அங்கதான்.

வீதில வேண்டாம், ஸ்பான்லயே அண்ணாச்சி நிக்கற மேடைல வரிசையா நிறுத்தலாம். நான் மொத ஆளா நிறுத்தறேன்.

நைட்ஷிப்ட்_டெய்லர்

அக்கா அது நல்ல ஏற்பாடுதான் ஆனா ஒண்ணு கேக்கறேன், வாங்கற கடைக்காரரோட செஸ்ட்ல காசு தீந்தா நிறுத்திக்குவாருன்னா அந்தக் காசு சாயங்காலமே தீந்துருமே, ஏழு மணிக்கு வர்றவங்க பார்ம் சரக்க கொட்டிட்டுப் போயிருவாங்க, பன்னெண்டு மணிக்கு நான் நிலக்கரியத் தூக்கிட்டு வந்து நிக்கறப்ப எனக்கு என்ன இருக்கும்? வரம்பு நல்லது, ஆனா வரம்பு போட்டா மொதல்ல வந்தவனுக்கே எல்லாம் போகும், ஷிப்ட்டுக்குப் போறவன் எப்பவும் கடைசிதான். அண்ணாச்சிகிட்ட அந்த ஒரு பயம் இல்ல.

ரெட்ஸ்டோன்_பீளமேடு

அத சரி பண்ணலாங்ணா, அண்ணாச்சியவே ஆளுக்கு இத்தனதான்னு வாங்க வெக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு ஆளுகிட்ட 50 காயினுக்கு மேல வாங்க மாட்டாருன்னு வெச்சா நான் 54 ஸ்டாக்கு கொட்ட முடியாது, நீங்க எந்நேரம் வந்தாலும் உங்க பங்கு அப்படியே இருக்கும். ப்ளகின்ல இல்லைன்னா ஸ்க்ரிப்ட் நான் எழுதித் தர்றேன். ஆனா பார்ம் வெச்சவங்க இத்தன நாள் சம்பாரிச்ச காயின அழிக்கணும்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்க மாட்டேன். அன்னைக்கு இருந்த ரூல்படிதான் வித்தேன்.

மஞ்சமண்டி_ஈரோடு

ஆளுக்கு வரம்பு, சரி, அதுக்கு நான் எதிர்ப்பு இல்ல. ஆனா தம்பி, பழைய காயின் அப்படியே இருந்தா மெண்டிங் புக் 3000தான். புதுசா வர்ற பையன் நாளைக்கு 50 சம்பாரிச்சா ஒரு புக்கு வாங்க ரெண்டு மாசம் ஆகும், நீ இன்னைக்கே பத்து வாங்குவ. அழிக்கச் சொல்லல, கரையற வழி பண்ணோணும். பொள்ளாச்சிக்காரரு சொன்னபடி அண்ணாச்சி பெரிய சாமான் சிலத விக்கட்டும், நெலத்த தன்னுதுன்னு பதியறதுக்கு க்ளெய்ம் காசு போடலாம், கடை மேடைக்கு வாடகை வெக்கலாம். காயின் எச்சா வெச்சிருக்கறவங்கதான் அதையெல்லாம் வாங்குவாங்க.

ரெட்ஸ்டோன்_பீளமேடு

வாடகை வெச்சா கோபி அக்காவும்தான் கட்டணும்ங்ணா. அவங்க காயினே இல்லைங்கறாங்க.

கோபி_கரும்பு

காயின் இருக்குது, அதுக்கு மதிப்புதான் இல்ல. வாடகைக்கு ஆகும்னா நல்லதுதான், கட்டறேன்.

அட்மின்

எல்லாத்தையும் படிச்சுட்டேன். அடுத்த வாரத்துல இருந்து கரும்பு, இரும்பு, மூங்கில், பூசணி நாலையும் அண்ணாச்சி வாங்க மாட்டாரு, மத்தது ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 காயின் வரைக்கும். ஸ்பான் மேடைல ப்ளேயர் கடைக்காரர் நிறுத்த எடம் தர்றேன். இது ஒரு மாசத்துக்குப் பாக்கலாம். வாடகை, பழைய காயின் ரெண்டும் சனிக்கெழம ராத்திரி ஓட்டுக்கு வெக்கறேன். கரூர் தங்கச்சி அனுப்புன பேர்ல ஒருத்தர இன்னைக்கே தடை பண்ணியாச்சு, மத்தவங்கள விசாரிச்சுட்டு இருக்கேன்.

கரூர்_கொசுவலை

நன்றிங்க. ஸ்பான் மேடைல கடை போடறவங்க வெலய மட்டும் வெளிய போடணும், மைக்ல கூப்புடக் கூடாதுன்னு அதையும் ரூல்ல எழுதிருங்க.

நைட்ஷிப்ட்_டெய்லர்

அட்மின் அண்ணா, ஓட்டு சனிக்கெழம ராத்திரின்னா எத்தன மணிக்கு? அன்னைக்கு சம்பள நாள், கணக்கு முடிச்சு கம்பெனில இருந்து வெளிய வரவே நேரமாயிருது. ஞாயித்துக்கெழம மத்தியானம் வரைக்கும் ஓட்டப் பெட்டி தொறந்து இருந்தா எங்க லைன்ல இருந்து வெளாடறவங்க எல்லாரும் போட முடியும். அப்பறம் ரொட்டி, டார்ச், அம்பு மூணும் அண்ணாச்சிகிட்ட எந்நேரமும் இருக்கும்னு எழுதிக் குடுத்துருங்க, மத்தத எப்படி மாத்துனாலும் எனக்கு சம்மதம்.