ஆண்டவர் பேசினார் என்கிறார்களே, எனக்கு ஏன் ஒன்றுமே கேட்கவில்லை?

காந்தல் டிரைவர்:
எல்லாருக்கும் இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. ஊட்டி காந்தலில் இருக்கிறேன், பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். கேத்தி பாலாடாவில் கேரட் கழுவி மூட்டை பிடித்து ஏற்ற விடிகாலை ஆகிவிடும், மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கிவிட்டு வீடு திரும்ப மதியம் தாண்டிவிடும். லோடு இருந்தால்தான் காசு. திருப்பூரில் மச்சான் ஒரு கம்பெனி வண்டி வேலை பார்த்து வைத்திருக்கிறார், மாதச் சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டு. ஆனால் இங்கே அம்மா இருக்கிறார், எழுபது தாண்டியவர். போவதா இருப்பதா என்று கேட்டு எங்கள் ஊர் சிலுவைக் கோயிலான குருசடியில் ஒன்பது நாள் நவநாள் ஜெபம் செய்தேன். ஒரு சத்தமும் இல்லை. எங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழுவில், ஒரு அக்கா, 'இன்னைக்கு ஆண்டவர் எங்கிட்ட பேசினார்' என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து பேசிவிட்டுப் போன மாதிரி சொல்வார். கண்ணை மூடி பைபிளைத் திறந்து விரல் வைத்துப் பார் என்று யோசனை சொன்னதும் அவர்தான். வைத்தேன். பைபிளில் குறிப்பேடு என்ற நூல் வந்தது, இன்னாருடைய மகன் இன்னார் என்று ஒரு பக்கம் முழுக்க வம்சப் பட்டியல். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை. உங்களுக்கெல்லாம் அவர் குரல் எப்படித்தான் கேட்கிறது? என் பாவம்தான் காதை அடைக்கிறதா?

கொடைக்கானல் வாத்தியார்:
தம்பி, நாற்பது வருடமாக ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன், இந்தக் காதால் ஒரு நாளும் கேட்டதில்லை. சாமுவேலை நினைத்துப் பாருங்கள். கோயிலுக்குள்ளேயே படுத்திருந்த பையன். அவனே குரு ஏலிதான் கூப்பிடுகிறார் என்று மூன்று தடவை எழுந்து ஓடினான், கூப்பிடுவது ஆண்டவர் என்று கிழவர் ஏலி சொல்லித்தான் தெரிந்தது. அதனால் முதலில் நம்பிக்கையான ஒரு ஃபாதரிடமோ சிஸ்டரிடமோ உட்கார்ந்து பேசுங்கள்.

இங்கே செண்பகனூரில் 1895இலிருந்து சேசு சபைத் துறவிகள் இருக்கிறார்கள், அங்கே ஒரு தியானத்தில்தான் இதை நான் உருப்படியாகக் கற்றேன். அவர்களை நிறுவிய இஞ்ஞாசியார் ஒரு போர்வீரர். 1521இல் பாம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். வீரதீரக் கதைப் புத்தகம் கேட்டார், வீட்டில் இல்லை. இருந்தது கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்கள் வரலாறும்தான். சண்டை, பெருமை, ஒரு பெரிய இடத்துப் பெண் என்று கனவு காணும்போது ஜோராக இருக்கும், முடிந்ததும் மனசு சப்பென்று ஆகிவிடும். புனிதர்களைப் போல வாழ்ந்தால் என்ன என்று நினைக்கும்போதும் இன்பம்தான், ஆனால் அந்த நினைப்பு போன பிறகும் நிறைவு தங்கியது. அந்த வித்தியாசத்தைக் கவனித்ததுதான் அவருக்கு ஆரம்பம். குரல் எதுவும் கேட்கவில்லை, பாருங்கள்!

நீங்கள் இப்படிச் செய்யலாம். நான்கைந்து நாள், திருப்பூர் போவதாகவே முடிவு செய்துவிட்டது போல மனதுக்குள் இருங்கள். அடுத்த நான்கைந்து நாள், போகவில்லை என்ற முடிவோடு இருங்கள். தினமும் படுக்கும் முன் பதினைந்து நிமிடம் அன்றைய நாளைப் பின்னோக்கிப் பாருங்கள், எப்போது மனசு விரிந்தது, எப்போது சுருங்கியது என்று. ஒரு எச்சரிக்கையும் இஞ்ஞாசியார் விட்டுப்போயிருக்கிறார்: மனம் வறண்டு கிடக்கும்போது, முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதே. லோடு கிடைக்காத நாளில் மச்சானுக்கு போன் போடாதீர்கள்.

பெயர் வேண்டாம்:
நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், மன்னிக்கவும். எங்கள் சித்தப்பா மகனுக்கு நிஜமாகவே குரல் கேட்டது. சாப்பிடாதே என்றது, தூங்காதே என்றது. ஒரு ஜெபக்குழுவில் அதை வரம் என்று சொல்லி ஊக்கப்படுத்தினார்கள். டாக்டரிடம் கூட்டிப்போவதற்குள் ஒன்றரை வருடம் வீண். இப்போது மாத்திரையில் நன்றாக இருக்கிறான், பூசைக்கும் வருகிறான். அதனால் யாராவது 'ஆண்டவர் உனக்கு இப்படிச் சொல்லச் சொன்னார்' என்று வந்தால் எனக்கு உடம்பு எரியும். துறவி சிலுவை அருளப்பர் என்ற புனிதரைவிடப் பெரிய தியானி யார்? தந்தை தம் ஒரே வார்த்தையாகிய மகனில் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார், புதிதாகத் தரிசனமோ வெளிப்பாடோ கேட்டுக்கொண்டிருக்காதீர்கள் என்றுதான் அவரே எழுதினார். விரல் வைத்து வசனம் எடுப்பதற்கும் கிளி ஜோசியத்துக்கும் என்ன வித்தியாசம்?

காந்தல் டிரைவர்:
கிளியாவது ஒரு சீட்டை எடுத்துக் கொடுக்கும் சார், எனக்கு அதுவும் இல்லை. வாத்தியார் ஐயா சொன்னதை முயன்று பார்க்கிறேன். ஆனால் கவனிக்க எனக்கு நேரம் ஏது? குன்னூர் தாண்டி பர்லியார் இறக்கம் முழுக்க ரேடியோவைக்கூட அணைத்துவிடுவேன், இரண்டாவது கியரில் இன்ஜின் முனகலையும் பிரேக் சத்தத்தையும் மட்டும் கேட்டுக்கொண்டு வருவேன். மனசு வேறெங்கும் போகாது.

குன்னூர் அக்கா:
தம்பி, நீயே சொல்லிவிட்டாய். பிரேக்கில் வித்தியாசமாக ஒரு சத்தம் வந்தால் உனக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியாது. எத்தனை வருடம் அந்த வண்டியோடு இருந்திருக்கிறாய்! ஆடுகள் தம் ஆயனின் குரலை அறியும் என்று யோவான் நற்செய்தியில் இருப்பதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். தினமும் நற்செய்தி ஐந்து வசனமாவது வாசித்தால்தான் அவர் எப்படிப் பேசுவார், எதைச் சொல்லவே மாட்டார் என்று பிடிபடும். ஒன்பது நாளில் பிடிபடாது.

பாவம் காதை அடைக்கிறதா என்று கேட்டாயே, அதை விடு. மனசு உறுத்தினால் பாவசங்கீர்த்தனம் செய், அத்தோடு முடிந்தது. அன்னை தெரேசா 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் போகும் ரயிலில், ஏழைகளிடம் போ என்ற அழைப்பைத் தெளிவாக உணர்ந்தார். ஆனால் ஏழைகளோடு வேலையை ஆரம்பித்த பிறகு ஏறக்குறைய ஐம்பது வருடம் உள்ளுக்குள் ஒரே இருட்டு, அவர் எழுதிய கடிதங்களில் இருக்கிறது. அவர் காதை எந்தப் பாவம் அடைத்தது?

சரி, ஒன்று கேட்கிறேன். ஆண்டவரிடம் கேட்டாய், மச்சானிடம், அந்த அன்பியத்து அக்காவிடம், இப்போது எங்களிடமும் கேட்டுவிட்டாய். அம்மாவிடம் கேட்டாயா?

காந்தல் டிரைவர்:
இல்லை அக்கா. வேண்டாம் என்று அழுவார் என்று நானாகவே நினைத்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. நேற்று ராத்திரி ஜெபமாலை முடிந்ததும் சொல்லிவிட்டேன். அழவெல்லாம் இல்லை. அடுப்பில் கை காய்ச்சிக்கொண்டே, 'ஒரு மாசமா தூக்கத்துல புலம்புறியே, அது இதுதானா?' என்றார். அப்புறம், திருப்பூரில் பக்கத்தில் கோயில் இருக்கிறதா, வெயில் எப்படி என்று விசாரித்தார். வருவாரா, வரமாட்டாரா, ஒன்றும் சொல்லவில்லை. நானும் இன்னும் முடிவு செய்யவில்லை. இன்றிலிருந்து வாத்தியார் ஐயா சொன்ன முதல் நான்கு நாள், திருப்பூர் போவது போல. லோடு ஏற்றக் கூப்பிடுகிறார்கள், மண்டியிலிருந்து வந்து எழுதுகிறேன்.